டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு: சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

டபிள்யூஎஸ்டிஎல் என்பது ஒரு வெப் சர்வீஸ் என்ன செய்யும், அதை எப்படி, எங்கே அழைப்பது என்று எக்ஸ்எம்எல்லில் விவரிக்கும் கோப்பு. சோப் என்பது அந்தச் சேவையோடு பேசும் எக்ஸ்எம்எல் செய்தியின் வடிவம். வெப் சர்வீஸ் சான்றிதழ்த் தேர்வில் அரைப் பக்க டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு ஒன்றைக் கொடுத்து, "இதிலிருந்து போகும் சோப் செய்தி எப்படி இருக்கும்?" அல்லது "இதில் எந்த வரி தவறு?" என்று கேட்டால், பாகங்களின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சறுக்கிவிடுவார்கள். எந்தப் பாகம் எதை, எந்தப் பண்பின் (அட்ரிபியூட்) வழியாகச் சுட்டுகிறது என்று பிடிபட்டுவிட்டால் இரண்டு வகைக் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

கீழே வரும் எடுத்துக்காட்டு எல்லாம் ஒரே நூலகச் சேவை. அதில் ஒரே ஒரு ஆபரேஷன் (அழைக்கக்கூடிய செயல்): 'இருப்புப்பார்'. 'நூலெண்', 'கிளை' இரண்டையும் வாங்கிக்கொண்டு 'பிரதிகள்' என்ற எண்ணைத் திருப்பித் தரும்.

டபிள்யூஎஸ்டிஎல் 1.1 படிப்பதா, 2.0 படிப்பதா?

1.1. அரிபா, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து சமர்ப்பித்ததை வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2001 மார்ச்சில் வெறும் குறிப்பாக வெளியிட்டது. அது கடைசிவரை முறையான பரிந்துரை ஆகவில்லை. 2.0-க்கு அந்தத் தகுதி 2007 ஜூனில் கிடைத்தது. ஆனாலும் கருவிகள் 1.1-ஐ விட்டு நகரவில்லை. ஜாவாவில் வெப் சர்வீஸ் எழுத உதவும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் முழுக்க 1.1-ஐ நம்பித்தான் எழுதப்பட்டது.

2.0 பற்றி ஒப்பீட்டுக் கேள்வி வந்தால் இவ்வளவு போதும்: 'டெஃபினிஷன்ஸ்' இருந்த இடத்தில் 'டிஸ்கிரிப்ஷன்', 'போர்ட்டைப்' இருந்த இடத்தில் 'இன்டர்ஃபேஸ்', 'போர்ட்' இருந்த இடத்தில் 'எண்ட்பாயிண்ட்'. 'மெசேஜ்' உறுப்பே கிடையாது, ஆபரேஷன் நேராக ஸ்கீமாவில் (தரவின் அமைப்பையும் வகைகளையும் வரையறுக்கும் பகுதி) உள்ள உறுப்பைச் (எலிமெண்ட்) சுட்டும். ஒரு இன்டர்ஃபேஸ் இன்னொன்றை நீட்டிக்கலாம்.

1.1-உடன் சேர்த்துப் படிக்க வேண்டியது வெவ்வேறு நிறுவனங்களின் வெப் சர்வீஸ்கள் ஒத்துப்போக விதி வகுத்த டபிள்யூஎஸ்-ஐ அமைப்பின் பேசிக் புரொஃபைல் என்ற விதித்தொகுப்பு (அதன் 1.1 பதிப்பு 2004-ல் வந்தது). டபிள்யூஎஸ்டிஎல் 1.1 தளர்வாக விட்ட பல இடங்களை இது இறுக்குகிறது. கேள்வியில் "1.1-ன்படி செல்லுமா?" என்று இருக்கிறதா, "பேசிக் புரொஃபைலின்படி செல்லுமா?" என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல இடங்களில் முன்னதற்குப் பதில் ஆம், பின்னதற்கு இல்லை.

கோப்பில் என்னென்ன பாகங்கள், எந்த வரிசையில்?

வேர் உறுப்பு 'டெஃபினிஷன்ஸ்'. அதற்குள் இம்போர்ட், டைப்ஸ், மெசேஜ், போர்ட்டைப், பைண்டிங், சர்வீஸ். டைப்ஸ் அதிகபட்சம் ஒன்று. மற்றவை எத்தனை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம். சர்வீஸ் இல்லாத கோப்பு செல்லும். போர்ட்டைப் வரை ஒரு கோப்பு, பைண்டிங்கும் சர்வீஸும் இன்னொரு கோப்பு என்று பிரிப்பது வழக்கம்தான்.

வரிசையில் பேசிக் புரொஃபைல் கண்டிப்பாகக் கேட்பது இரண்டு. இம்போர்ட் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். டைப்ஸ் இம்போர்ட்டுக்குப் பின்னும் மற்றவற்றுக்கு முன்னும் இருக்க வேண்டும். 'டாக்குமெண்டேஷன்' உறுப்புக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

அடியிலிருந்து. கோப்பு மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தாலும் சுட்டல்கள் கீழிருந்து மேலே போகின்றன:

சர்வீஸுக்குள் இருக்கும் போர்ட், தன் 'பைண்டிங்' பண்பால் ஒரு பைண்டிங்கைச் சுட்டும். பைண்டிங், தன் 'டைப்' பண்பால் ஒரு போர்ட்டைப்பைச் சுட்டும். போர்ட்டைப்பின் ஆபரேஷனுக்குள் இருக்கும் இன்புட், அவுட்புட், ஃபால்ட் (பிழைச் செய்தி) மூன்றும் 'மெசேஜ்' பண்பால் ஒவ்வொரு மெசேஜைச் சுட்டும். மெசேஜுக்குள் இருக்கும் பார்ட், 'எலிமெண்ட்' அல்லது 'டைப்' பண்பால் ஸ்கீமாவுக்குள் போய் நிற்கும்.

இந்தச் சுட்டல்கள் எல்லாம் முன்னொட்டோடு கூடிய பெயர்கள். 'டிஎன்எஸ்:இருப்புமெசேஜ்' என்றால், 'டிஎன்எஸ்' எந்த நேம்ஸ்பேஸைக் (பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் தொகுதி) குறிக்கிறது என்று டெஃபினிஷன்ஸ் உறுப்பில் பார்க்க வேண்டும். முன்னொட்டில்லாமல் எழுதினால் கோப்பின் இயல்புநிலை நேம்ஸ்பேஸில் தேடப்படும். அது பெரும்பாலும் டபிள்யூஎஸ்டிஎல்லின் சொந்த நேம்ஸ்பேஸாக இருக்கும், அங்கே உங்கள் மெசேஜ் இருக்காது. "தவறு எங்கே" வகைக் கேள்வியில் பிழையை ஒளித்துவைக்க வசதியான இடம் இது.

பைண்டிங்குக்கும் போர்ட்டைப்புக்கும் நடுவே பண்பு எதுவும் இல்லாத ஒரு இணைப்பும் உண்டு. பைண்டிங்குக்குள் இருக்கும் ஆபரேஷனின் பெயர், போர்ட்டைப்பில் உள்ள ஆபரேஷன் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் கணக்கில் வரும்.

போர்ட், போர்ட்டைப், பைண்டிங் மூன்றையும் எப்படிப் பிரித்து நினைவில் வைப்பது?

போர்ட்டைப் என்ன செய்ய முடியும் என்று சொல்கிறது: ஆபரேஷன்களும் அவை வாங்கித் தரும் செய்திகளும். அதில் நெறிமுறையும் முகவரியும் இருக்காது. பைண்டிங் அதே ஆபரேஷன்களை எந்த வடிவத்தில், எந்த நெறிமுறையில் அனுப்புவது என்று சொல்கிறது. போர்ட் அந்த பைண்டிங் எந்த முகவரியில் கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறது. ஒரு போர்ட்டுக்கு ஒரே முகவரி.

ஒரு போர்ட்டைப்புக்குப் பல பைண்டிங் இருக்கலாம், ஒரு பைண்டிங்கைப் பல போர்ட்கள் பயன்படுத்தலாம். எதிர்த்திசையில் இது நடக்காது. ஒரே சர்வீஸில் உள்ள இரண்டு போர்ட்கள் ஒரே போர்ட்டைப்பில் போய் முடிந்தால் அவை ஒன்றுக்கொன்று மாற்று. கிளையன்ட் வசதிப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம்.

பைண்டிங்கின் 'டிரான்ஸ்போர்ட்' பண்பில் வரும் எச்டிடிபி அடையாளத்தையும் போர்ட்டின் முகவரியையும் கலக்கக் கூடாது. சேவை எச்டிடிபிஎஸ்-க்கு மாறினால் முகவரி மாறும், டிரான்ஸ்போர்ட் அடையாளம் அப்படியே இருக்கும். அது வெறும் பெயர், யாரும் போய்த் திறக்கும் இடம் அன்று.

ஒரே பெயரை இரண்டு பாகங்களுக்கு வைக்கலாமா?

வெவ்வேறு வகைப் பாகங்கள் என்றால் வைக்கலாம். போர்ட்டைப்புக்கும் பைண்டிங்குக்கும் சர்வீஸுக்கும் 'நூலகம்' என்றே பெயரிட்ட கோப்பு செல்லும். இரண்டு மெசேஜ்களுக்கு ஒரே பெயர் வைத்தால் செல்லாது. பார்க்க விகாரமாக இருப்பதாலேயே ஒரு கோப்பைத் தவறு என்று குறித்துவிடாதீர்கள்.

பார்ட்டில் 'எலிமெண்ட்' எப்போது, 'டைப்' எப்போது?

பேசிக் புரொஃபைலின் விதி: பைண்டிங்கில் எழுதிய செய்தி வடிவம் (விளக்கம் கீழே 'ஸ்டைல், யூஸ்' கேள்வியில்) டாக்குமெண்ட்-லிட்டரல் என்றால் 'எலிமெண்ட்', ஆர்பிசி-லிட்டரல் என்றால் 'டைப்'. ஒரே பார்ட்டில் இரண்டையும் எழுத முடியாது.

காரணம் செய்தியின் வடிவத்தில் இருக்கிறது. டாக்குமெண்ட் முறையில் சோப் பாடிக்குள் (செய்தியின் உடல் பகுதி) நேராக ஒரு உறுப்பு உட்காருகிறது. உறுப்புக்குப் பெயரும் நேம்ஸ்பேஸும் வேண்டும், அவை ஸ்கீமாவில் மேல்மட்டத்தில் அறிவிக்கப்பட்ட உறுப்பிலிருந்து வருகின்றன. ஆர்பிசி முறையில் பார்ட்டின் பெயரே உறுப்பின் பெயராகிவிடும், உள்ளடக்கத்தின் வகை தெரிந்தால் போதும்.

சோப் செய்தியின் ஹெட்டருக்கும் (தலைப்பகுதி) ஃபால்ட்டுக்கும் போகும் பார்ட்கள் இந்தக் கணக்கில் சேராது. பைண்டிங் ஆர்பிசியாக இருந்தாலும் அவற்றுக்கு 'எலிமெண்ட்' பண்புதான்.

ஆபரேஷன் வகைகள் நான்கு என்கிறார்கள். கோப்பில் வகை எங்கே எழுதியிருக்கும்?

எங்கும் எழுதியிருக்காது. இன்புட்டும் அவுட்புட்டும் இருக்கிறதா, எது முன்னால் என்பதே வகையைச் சொல்லும். இன்புட் மட்டும் இருந்தால் ஒன்-வே. இன்புட், பிறகு அவுட்புட் என்றால் ரிக்வெஸ்ட்-ரெஸ்பான்ஸ். அவுட்புட், பிறகு இன்புட் என்றால் சொலிசிட்-ரெஸ்பான்ஸ். அவுட்புட் மட்டும் என்றால் நோட்டிஃபிகேஷன். பின்னிரண்டையும் 1.1 வரையறுக்கிறது, பேசிக் புரொஃபைல் தடை செய்கிறது.

ஃபால்ட் எழுத இடமுள்ளது இன்புட், அவுட்புட் இரண்டும் உள்ள வகைகளில் மட்டும். ஒன்-வே ஆபரேஷனுக்குள் ஃபால்ட் இருந்தால் கோப்பு தவறு.

இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் பெயர் கொடுக்காவிட்டால் இயல்பாக ஒரு பெயர் வந்துவிடும். ரிக்வெஸ்ட்-ரெஸ்பான்ஸில் ஆபரேஷன் பெயரோடு 'ரிக்வெஸ்ட்', 'ரெஸ்பான்ஸ்' சேரும். ஒன்-வேயில் ஆபரேஷன் பெயரே இன்புட்டின் பெயர். ஃபால்ட்டுக்கு மட்டும் இயல்புப் பெயர் கிடையாது, கட்டாயம் எழுத வேண்டும்.

ஸ்டைல், யூஸ் இரண்டும் சேர்ந்து செய்தியை எப்படி மாற்றுகின்றன?

பாடத்தில் அதிக நேரம் கேட்கும் பகுதி இதுதான், கொடுப்பதும் தகும்.

'ஸ்டைல்' பைண்டிங்கில் இருக்கும்: டாக்குமெண்ட் அல்லது ஆர்பிசி. எழுதாவிட்டால் டாக்குமெண்ட். ஒரு ஆபரேஷனுக்கு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் பைண்டிங்கில் உள்ள அந்த ஆபரேஷனின் சோப் நீட்சியில் (சோப்புக்கென்று உள்ளே சேர்க்கும் கூடுதல் உறுப்பு) எழுதலாம், அது மேலே உள்ளதை மீறும். ஆனால் ஒரு பைண்டிங்குக்குள் இரண்டையும் கலக்க பேசிக் புரொஃபைல் விடாது. 'யூஸ்' சோப் பாடி நீட்சியில் இருக்கும்: லிட்டரல் (ஸ்கீமாவில் உள்ளபடியே) அல்லது என்கோடட் (குறியாக்க விதிப்படி).

நம் சேவை ஆர்பிசி-லிட்டரலாக இருந்தால், மெசேஜில் 'நூலெண்', 'கிளை' என்று இரண்டு பார்ட்கள், இரண்டிலும் 'டைப்' பண்பு. போகும் செய்தி:

சோப் பாடி
— இருப்புப்பார்
—— நூலெண்: 412
—— கிளை: 7

இதில் 'இருப்புப்பார்' என்ற உறுப்பு ஸ்கீமாவில் எங்கும் இல்லை. ஆபரேஷன் பெயரை எடுத்து ஓடும் நேரத்தில் உருவாக்கப்படுகிறது. அதன் நேம்ஸ்பேஸ், பைண்டிங்கில் சோப் பாடி நீட்சியின் 'நேம்ஸ்பேஸ்' பண்பிலிருந்து வருகிறது, ஆகவே ஆர்பிசியில் அந்தப் பண்பு கட்டாயம். உள்ளே இருக்கும் 'நூலெண்', 'கிளை' இரண்டும் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராதவை. பதிலில் வெளி உறுப்பின் பெயர் ஆபரேஷன் பெயரோடு 'ரெஸ்பான்ஸ்' சேர்ந்தது.

ஆர்பிசி-என்கோடட் இதே வடிவம்தான், ஒவ்வொரு உறுப்பிலும் வகைக் குறிப்பு கூடுதலாகத் தொங்கும், உள்ளே குறுக்குச் சுட்டல்களும் வரலாம். அதனால் செய்தியை ஸ்கீமாவை வைத்துச் சரிபார்ப்பது சிரமம். பேசிக் புரொஃபைல் இதைத் தடை செய்தது. பழைய ஜாக்ஸ்-ஆர்பிசி ஆதரித்தது, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் கைவிட்டது. டாக்குமெண்ட்-என்கோடட் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. தெரிவுகளில் ஒன்றாக வந்தால் கடந்து போங்கள்.

டாக்குமெண்ட்-லிட்டரலில் மெசேஜுக்கு ஒரே பார்ட், அது ஸ்கீமாவில் உள்ள 'இருப்புக்கேள்வி' என்ற உறுப்பைச் சுட்டுகிறது என்று வையுங்கள்:

சோப் பாடி
— இருப்புக்கேள்வி
—— நூலெண்: 412
—— கிளை: 7

தோற்றத்தில் முந்தையதைப் போலவே இருந்தாலும் பிறப்பு வேறு. இங்கே பாடிக்குள் உள்ள எல்லாமே ஸ்கீமாவிலிருந்து வந்தவை. பார்ட்டின் பெயர் செய்தியில் போவதே இல்லை; ஆபரேஷன் பெயரும் போகவில்லை. வந்த செய்தி எந்த ஆபரேஷனுக்கு உரியது என்று சேவை கண்டுபிடிப்பது பாடியின் முதல் உறுப்பை வைத்துத்தான். அதனால் ஒரே பைண்டிங்கில் இரண்டு ஆபரேஷன்கள் ஒரே உறுப்பை இன்புட்டாக வைத்தால் பேசிக் புரொஃபைல்படி தவறு.

இந்த முறையில் சோப் பாடி நீட்சியில் 'நேம்ஸ்பேஸ்' பண்பு இருக்கவே கூடாது. பாடிக்குப் போகும் பார்ட் அதிகபட்சம் ஒன்று. ஒன்றுகூட இல்லாமல் வெறும் பாடியாகவும் போகலாம்.

'ராப்ட்' என்று கோப்பில் எங்கும் காணோமே, எப்படி அடையாளம் காண்பது?

அப்படி ஒரு மதிப்பு 'ஸ்டைல்' பண்புக்குக் கிடையாது. டாக்குமெண்ட்-லிட்டரலை ஒரு குறிப்பிட்ட வழக்கப்படி எழுதினால் அது ராப்ட். ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் பார்க்கும் நிபந்தனைகள்: இன்புட் மெசேஜுக்கும் அவுட்புட் மெசேஜுக்கும் (இருந்தால்) தலா ஒரே பார்ட், இரண்டும் ஸ்கீமாவின் மேல்மட்ட உறுப்பைச் சுட்ட வேண்டும், இன்புட் உறுப்பின் பெயரும் ஆபரேஷன் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டு உறுப்புகளும் 'சீக்வென்ஸ்' வைத்துக் கட்டிய கூட்டு வகைகளாக இருக்க வேண்டும், அவற்றில் பண்பு, 'சாய்ஸ்', எதையும் ஏற்கும் 'எனி' போன்றவை இருக்கக் கூடாது, வெற்று மதிப்பு அனுமதிக்கும் 'நில்லபிள்' குறியும் கூடாது.

மேலே உள்ள 'இருப்புக்கேள்வி' என்ற பெயரை 'இருப்புப்பார்' என்று மாற்றி, பதிலையும் இதே முறையில் கட்டினால் ராப்ட் ஆகிவிடும்.

அவுட்புட் உறுப்பின் பெயருக்கு இங்கே நிபந்தனை எதுவும் இல்லை. 'ரெஸ்பான்ஸ்' சேர்ப்பது வழக்கம் மட்டுமே. "கட்டாயம் சேர்க்க வேண்டும்" என்று ஒரு தெரிவு இருந்தால் அது தவறு.

நடைமுறையில் வித்தியாசம் உருவாகும் ஜாவா மெத்தடில் தெரியும். ராப்ட் என்றால் 'இருப்புப்பார்' மெத்தட் நூலெண்ணையும் கிளையையும் தனித்தனி அளவுருக்களாக வாங்கும். நிபந்தனையில் ஒன்று பிசகினாலும் கருவி எச்சரிக்காமல் ராப் செய்யாத முறைக்குப் போய்விடும். மெத்தட் ஒரே ஒரு பொருளை வாங்கும். "ஸ்கீமாவில் ஒரு பண்பைச் சேர்த்தேன், கிளையன்ட் மெத்தடின் வடிவமே மாறிவிட்டது" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

ஆபரேஷன் ஓவர்லோடிங் செல்லுமா?

1.1-ல் செல்லும். ஒரே பெயருள்ள ஆபரேஷன்களை இன்புட், அவுட்புட் பெயர்களால் பிரித்துக்கொள்ளலாம். பேசிக் புரொஃபைல் தடுக்கிறது. புரொஃபைலை ஒதுக்கிவைத்தாலும் ராப்ட் முறையில் முடியாது, ஏனென்றால் ஒரே நேம்ஸ்பேஸில் ஒரே பெயரில் இரண்டு மேல்மட்ட உறுப்புகளை ஸ்கீமா ஏற்காது. ஜாவாவில் ஓவர்லோட் செய்த மெத்தடை வெளியிட வேண்டுமானால் 'வெப்மெத்தட்' அனோடேஷனின் 'ஆபரேஷன்நேம்' மூலம் வேறு பெயர் கொடுக்க வேண்டும்.

சோப்ஆக்‌ஷன் வெறுமையாக இருந்தால் பிழையா?

இல்லை. சோப் 1.1-ல் இது கோரிக்கையின் நோக்கத்தைக் காட்டும் ஒரு எச்டிடிபி தலைப்பு. கோப்பில் உள்ள மதிப்பு மேற்கோள் குறிக்குள் அப்படியே போக வேண்டும். கோப்பில் இல்லை அல்லது வெறுமை என்றால் வெற்று மேற்கோள் குறி போக வேண்டும். தலைப்பை முழுதாக விட்டுவிடுவதுதான் பிழை. சோப் 1.2-ல் தனித் தலைப்பு போய்விட்டது. உள்ளடக்க வகைத் தலைப்பில் 'ஆக்‌ஷன்' என்ற விருப்ப அளவுருவாக அது இடம் மாறியது.

கோப்பைப் பார்த்து சோப் 1.1-ஆ 1.2-ஆ என்று எப்படிச் சொல்வது?

பைண்டிங்கில் உள்ள சோப் நீட்சியின் நேம்ஸ்பேஸைப் பாருங்கள். 'சோப்/' என்று முடிந்தால் 1.1, 'சோப்12/' என்று முடிந்தால் 1.2. முன்னொட்டை நம்பாதீர்கள், யாரும் எந்த முன்னொட்டையும் எந்த நேம்ஸ்பேஸுக்கும் வைக்கலாம். டபிள்யூஎஸ்டிஎல் பதிப்பும் சோப் பதிப்பும் தொடர்பற்றவை, டபிள்யூஎஸ்டிஎல் 1.1 கோப்பில் சோப் 1.2 பைண்டிங் தாராளமாக வரலாம்.

ஃபால்ட்டிலும் ஹெட்டரிலும் கவனிக்க வேண்டியவை?

ஃபால்ட் சுட்டும் மெசேஜில் ஒரே ஒரு பார்ட் இருக்க வேண்டும். அதன் உள்ளடக்கம் சோப் ஃபால்ட்டின் 'டீட்டெய்ல்' பகுதிக்குள் போகும். பைண்டிங்கில் ஃபால்ட்டின் பெயரை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், டபிள்யூஎஸ்டிஎல் ஃபால்ட்டில் ஒரு முறை, அதற்குள் இருக்கும் சோப் ஃபால்ட்டில் ஒரு முறை. இரண்டும் போர்ட்டைப்பில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும்.

ஹெட்டர் பைண்டிங்கில் மட்டும் வரும். 'மெசேஜ்', 'பார்ட்', 'யூஸ்' பண்புகள் அதற்கு வேண்டும். சோப் பாடியில் 'பார்ட்ஸ்' என்று பன்மை, சோப் ஹெட்டரில் 'பார்ட்' என்று ஒருமை. இதைக்கூடக் கேட்பார்களா என்று சலித்துக்கொள்ளலாம். ஆனால் பார்த்தால் கண்ணில் படாத பிழை இது. ஹெட்டருக்கான பார்ட், பாடியின் மெசேஜிலேயே இருந்தால், பாடிக்கு உரிய பார்ட்டை 'பார்ட்ஸ்' பண்பில் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் எல்லாப் பார்ட்களும் பாடிக்கு உரியவை என்று கொள்ளப்படும்.

இம்போர்ட் இரண்டு வகை இருக்கிறதே?

டபிள்யூஎஸ்டிஎல் இம்போர்ட், இன்னொரு டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைக் கொண்டுவர. பண்புகள் 'நேம்ஸ்பேஸ்', 'லொகேஷன்'. ஸ்கீமா இம்போர்ட், வேறு நேம்ஸ்பேஸில் உள்ள ஸ்கீமாவைக் கொண்டுவர. டைப்ஸுக்குள் இருக்கும் ஸ்கீமா உறுப்பினுள் மட்டுமே வரலாம். பண்புகள் 'நேம்ஸ்பேஸ்', 'ஸ்கீமாலொகேஷன்'. ஸ்கீமா கோப்பை டபிள்யூஎஸ்டிஎல் இம்போர்ட்டால் இழுப்பது பேசிக் புரொஃபைல்படி தவறு. இம்போர்ட்டில் எழுதிய நேம்ஸ்பேஸும் இழுக்கப்பட்ட கோப்பின் டார்கெட் நேம்ஸ்பேஸும் (அதில் அறிவித்த பெயர்கள் சேரும் நேம்ஸ்பேஸ்) ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நேம்ஸ்பேஸில் உள்ள ஸ்கீமாவைச் சேர்க்க 'இன்க்ளூட்'.

கோரிக்கை சரியாகப் போகிறது, பிழைச் செய்தியும் இல்லை, ஆனால் சேவைக்கு எல்லா மதிப்பும் வெறுமையாகவே கிடைக்கிறது. ஏன்?

முதலில் பார்க்க வேண்டியது ஸ்கீமாவின் 'எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட்'. அதை எழுதாவிட்டால் மதிப்பு 'அன்குவாலிஃபைட்'. அதாவது மேல்மட்ட உறுப்பு 'இருப்புப்பார்' மட்டும் டார்கெட் நேம்ஸ்பேஸில் இருக்கும், அதற்குள் உள்ள 'நூலெண்', 'கிளை' எந்த நேம்ஸ்பேஸிலும் இருக்காது. 'குவாலிஃபைட்' என்று எழுதினால் மூன்றும் டார்கெட் நேம்ஸ்பேஸில் இருக்கும்.

கிளையன்ட் ஒரு கணக்கிலும் சேவை இன்னொரு கணக்கிலும் இருந்தால், வெளி உறுப்பு பொருந்துவதால் ஆபரேஷன் சரியாக அழைக்கப்படும். உள் உறுப்புகள் பொருந்தாது. எக்ஸ்எம்எல்லை ஜாவாப் பொருளாக மாற்றும் ஜாக்ஸ்பி இயல்பாகத் தெரியாத உறுப்பைப் பேசாமல் விட்டுவிடும், ஆகவே மதிப்புகள் வெறுமை. கையால் செய்தி எழுதும்போது இயல்புநிலை நேம்ஸ்பேஸை வெளி உறுப்பில் அறிவித்தால் உள்ளே உள்ளவையும் அதில் சேர்ந்துவிடும். 'அன்குவாலிஃபைட்' ஸ்கீமாவுக்கு அது தவறான செய்தி. சரியான செய்தியில் வெளி உறுப்புக்கு மட்டும் முன்னொட்டு, உள்ளே முன்னொட்டு இல்லை. நான்கு சோப் செய்திகளைக் கொடுத்து எது சரி என்று கேட்டால், வித்தியாசம் இந்த முன்னொட்டுகளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாவா கிளாஸிலிருந்து கோப்பு உருவாகும்போது பெயர்கள் எங்கிருந்து வருகின்றன?

கிளாஸின் பெயர் 'நூலகம்', அனோடேஷனில் எதுவும் எழுதவில்லை என்று வையுங்கள். போர்ட்டைப் பெயர் 'நூலகம்'; சர்வீஸ் பெயர் அதோடு 'சர்வீஸ்' சேர்ந்தது; போர்ட் பெயர் அதோடு 'போர்ட்' சேர்ந்தது. டார்கெட் நேம்ஸ்பேஸ், பேக்கேஜ் பெயரைத் திருப்பிப்போட்டு முன்னால் எச்டிடிபி சேர்த்து, முடிவில் ஒரு சாய்கோடு வைத்தது. அந்தக் கடைசிச் சாய்கோட்டை மறந்தால் நேம்ஸ்பேஸ் வேறாகிவிடும். பேக்கேஜ் இல்லாத கிளாஸுக்கு டார்கெட் நேம்ஸ்பேஸை நாமே எழுத வேண்டும்.

'வெப்பாரம்' எழுதாத அளவுருக்கள் 'ஆர்க்0', 'ஆர்க்1' என்றும், 'வெப்ரிசல்ட்' எழுதாத விடை 'ரிட்டர்ன்' என்றும் போகும். இயல்பான முறை டாக்குமெண்ட்-லிட்டரல் ராப்ட்.

தனி இன்டர்ஃபேஸ் வைத்து 'எண்ட்பாயிண்ட்இன்டர்ஃபேஸ்' மூலம் இணைத்தால், சர்வீஸ் பெயரையும் போர்ட் பெயரையும் கிளாஸில்தான் எழுத வேண்டும். இன்டர்ஃபேஸில் எழுதக் கூடாது. 'நேம்' இதற்கு நேர்மாறு: இன்டர்ஃபேஸில் எழுதலாம், கிளாஸில் கூடாது.

'ஒன்வே' அனோடேஷன் உள்ள மெத்தட் எதையும் திருப்பித் தரக் கூடாது, சரிபார்க்கப்படும் எக்ஸப்ஷன் எறியக் கூடாது, மதிப்பைத் திருப்பித் தரும் 'ஹோல்டர்' அளவுரு இருக்கக் கூடாது. கோப்பில் அதற்கு அவுட்புட் இருக்காது.

டபிள்யூஎஸ்இம்போர்ட் பிழைகளை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கருவி கோப்பிலிருந்து ஜாவாவை உருவாக்கும், எதிர்த்திசைக்கு டபிள்யூஎஸ்ஜென். இரண்டும் ஜாவா 6 முதல் 10 வரை ஜேடிகேவுடன் வந்தன, 11-ல் நீக்கப்பட்டன. இப்போது தனியாகப் பதிவிறக்க வேண்டும்.

ஆர்பிசி-என்கோடட் ஆதரவில்லை என்று வந்தால் கோப்பில் 'யூஸ்' என்கோடட் என்று இருக்கிறது. கருவியில் எதை மாற்றியும் பயனில்லை, கோப்பு மாற வேண்டும். டாக்குமெண்ட்-லிட்டரல் ஆபரேஷனின் பார்ட் ஸ்கீமா உறுப்பைச் சுட்ட வேண்டும் என்று வந்தால், 'எலிமெண்ட்' இருக்க வேண்டிய இடத்தில் 'டைப்' இருக்கிறது. 'ஆப்ஜெக்ட்ஃபாக்டரி'யில் இரண்டு அறிவிப்புகள் மோதுகின்றன என்றால், ஸ்கீமாவில் உள்ள இரண்டு வெவ்வேறு பெயர்கள் ஜாவாவில் ஒரே பெயராக மாறுகின்றன. பைண்டிங் தனிப்பயனாக்கக் கோப்பு எழுதி ஒன்றின் பெயரை மாற்ற வேண்டும். இந்தத் தனிப்பயனாக்கக் கோப்புக்கும் டபிள்யூஎஸ்டிஎல்லின் பைண்டிங் உறுப்புக்கும் தொடர்பில்லை, பெயர்தான் ஒன்று.

யூடிடிஐ பற்றி எவ்வளவு படிக்க வேண்டும்?

யூடிடிஐ என்பது சேவைகளைப் பதிந்துவைத்துத் தேட உதவும் பதிவேடு. பழைய பாடத்திட்டம் என்றால் ஒரு பத்தி. கோப்பின் மறுபயன்பாட்டுக்குரிய பகுதி, அதாவது போர்ட்டைப்பும் பைண்டிங்கும், 'டிமாடல்' ஆகப் பதிவாகும். சர்வீஸ் 'பிசினஸ்சர்வீஸ்' ஆகவும், போர்ட் 'பைண்டிங்டெம்ப்ளேட்' ஆகவும், முகவரி அதன் 'ஆக்சஸ்பாயிண்ட்' ஆகவும் போகும்.

நேரம் குறைவு, கோப்பில் பிழை கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். எந்த வரிசையில் தேடுவது?

முதலில் பைண்டிங்கில் ஸ்டைலையும் யூஸையும் பாருங்கள். என்கோடட் என்றால் பேசிக் புரொஃபைல் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அடுத்து மெசேஜுக்குத் தாவி, பார்ட்டில் உள்ள 'எலிமெண்ட்' அல்லது 'டைப்' அந்த ஸ்டைலுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், டாக்குமெண்ட் என்றால் பாடிக்கு ஒரே பார்ட்தானா என்றும். பிறகு சோப் பாடியின் 'நேம்ஸ்பேஸ்' பண்பு: ஆர்பிசிக்கு வேண்டும், டாக்குமெண்டுக்குக் கூடாது. இதற்குப் பிறகும் அகப்படாவிட்டால் சர்வீஸிலிருந்து ஒவ்வொரு சுட்டலாக மேலே ஏறி, முன்னொட்டையும் எழுத்தையும் ஒப்பிடுங்கள்.

நான்கு தெரிவுகளில் ஒன்று "பிழை எதுவும் இல்லை" என்று இருந்தால், போர்ட்டைப்பும் பைண்டிங்கும் ஒரே பெயரில் இருப்பது, வெறும் சோப்ஆக்‌ஷன், பைண்டிங்கில் ஸ்டைல் எழுதாமல் விட்டது, ஸ்கீமாவின் டார்கெட் நேம்ஸ்பேஸும் டெஃபினிஷன்ஸின் டார்கெட் நேம்ஸ்பேஸும் வேறாக இருப்பது ஆகிய நான்கையும் பிழைக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். நான்குமே செல்லும்.